ஊற்றும் கையின் உயரம்

1

ஆசிரியர் அவர்களுக்கும், இந்தப் பக்கத்தைப் படிக்கப்போகும் நம் ஊர்க்காரர்களுக்கும் முதலில் ஒரு மன்னிப்பு. என் கையெழுத்து கோழி கிளறிய களம் மாதிரி இருக்கும். நன்னிலம் பக்கத்தில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. எந்த இடத்தில் எந்த ‘ர’ போடுவது என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். அச்சுக் கோர்ப்பவர் திருத்திக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் எழுதும் இந்தப் பக்கத்தை நான் விடாமல் படிக்கிறேன். பனியைப் பற்றியும் பாலத்தைப் பற்றியும் எழுதுகிறார்கள். எனக்கு அப்படி எழுத வராது. கூட்டத்தில் நாலு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தாலே சொல்ல வந்தது தொண்டைக்குள் போய்விடும். காகிதம் திரும்பிப் பார்க்காது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நான் இருப்பது நியூசிலாந்து. என் மனைவி மல்லிகா நாகப்பட்டினத்துப் பெண், நர்ஸ். அவள் வேலைக்குப் பின்னால் நானும் மகளும் வந்தோம். பழத்தோட்டத்தில் கிவிப் பழம் பறித்தேன், பிறகு பழம் அடுக்கும் கொட்டகையில் பெட்டி தூக்கினேன். இப்போது முதுகு ஒத்துழைக்காததால் வீட்டில் இருக்கிறேன்.

மகள் பெயர் கயல்விழி. இங்கே அவளை எல்லோரும் ‘கே’ என்கிறார்கள். அவளும் அதற்குத்தான் சட்டென்று திரும்புகிறாள். சிநேகிதிகளோடு தனி வீட்டில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வருவாள். தமிழில் ஆரம்பித்து ஆங்கிலத்தில் முடிப்பாள். முடிவு எனக்குப் புரியாது, அவள் அம்மா எடுத்துச் சொல்வாள். இப்படி எங்கள் வீட்டில் நடுவில் ஒரு ஆள் நின்றால்தான் அப்பனும் மகளும் பேசிக்கொள்ள முடியும் என்று ஆகிவிட்டது.

2

இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட்டில் நம் ஊர் வழக்கப்படி அப்பா பெயரையும் சேர்த்திருந்தார்கள். பக்கிரிசாமி என் பெயர், வீரையன் என் அப்பா பெயர். இங்கே பின்னால் வருவதுதான் குடும்பப் பெயர், மரியாதையாகக் கூப்பிடுவதும் அதைத்தான். கூண்டுக்குள் இருந்த அதிகாரி நிமிர்ந்து பார்த்து, “மிஸ்டர் வீரையன்?” என்றார்.

“நோ. ஹி டெட்,” என்றேன்.

தெரிந்த ஆங்கிலத்தில் உண்மையைத்தான் சொன்னேன். அவர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போனை எடுத்தார். எங்களைத் தனி அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். மல்லிகா போய் விளக்கிச் சொல்லி மீட்டுக்கொண்டு வந்தாள். “செத்தவர் பாஸ்போர்ட்டில் வந்த ஆளைக் கட்டிக்கிட்டேனே” என்று கார் ஏறும்வரை சிரித்தாள்.

அன்றிலிருந்து ஆஸ்பத்திரி, வங்கி, வேலைக் கொட்டகை, எங்கே போனாலும் வீரையன், வீரையன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஊரில் அப்பாவை அப்படி மரியாதையாக யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஏலே வீரையா என்பார்கள். ஒவ்வொரு முறையும் அந்தப் பெயருக்கு எழுந்து போகும்போது அவர் எனக்கு முன்னால் எழுந்து போவதுபோல இருக்கும். இத்தனை வருஷத்தில் அது பழகவில்லை.

3

கயல் நல்ல ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு எங்கள் ஊர்ச் சனிக்கிழமைச் சந்தையில் காபிக்கடை போட்டபோது மல்லிகா ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அது நம் ஊர் டிகாக்‌ஷன் காபி இல்லை, மிஷின் காபியும் இல்லை. கூம்பு மாதிரி ஒரு பீங்கான். அதற்குள் காகிதம், காகிதத்துக்குள் ரவை பதத்தில் அரைத்த தூள். அதன்மேல் வெந்நீரைக் கையாலேயே, நூல்போல, சுற்றிச் சுற்றி ஊற்ற வேண்டும். கீழே கண்ணாடிக் குடுவையில் காபி இறங்கும். பால் கிடையாது. முதல்முறை குடித்தபோது கழுநீர் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

ஆனால் அவளிடம் வரிசை நின்றது. ஊற்றும் விதத்தில்தான் ருசி என்பாள். தூள் ஒன்று, தண்ணீர் ஒன்று, சூடு ஒன்று, ஆனாலும் இரண்டு பேர் ஊற்றினால் இரண்டு காபி என்பாள்.

இந்த வருஷம் அவளுடைய வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. வெந்நீர் ஊற்றும் கனமான கெண்டியை ஒரே வாகில் பிடித்துப் பிடித்து நரம்பு புண்ணாகிவிட்டது, தூக்கவே கூடாது என்று டாக்டர் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார். சந்தைக்காரர்களின் விதி வேறு மாதிரி. தொடர்ந்து சில வாரம் கடை மூடியிருந்தால் இடம் காத்திருப்பவர்களுக்குப் போய்விடும். காத்திருப்பவர்கள் ஏராளம். அவள் மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். ஆள் வைத்துக்கொள்ள லேசில் யாரும் கிடைக்கவில்லை, கிடைத்தவர்களுக்கு ஊற்றத் தெரியவில்லை.

அவள் என்னைக் கேட்கவில்லை. மல்லிகாதான் கேட்டாள். “வீட்ல சும்மாதான இருக்கீங்க. புள்ள கடை போயிரும்போல இருக்கு. தண்ணி ஊத்தத் தெரியாதா?”

எங்கள் வீட்டில் நான் யாருக்கும் எதையும் ஊற்றியதில்லை. விருந்தாளி வந்தால் நான் பாய் போடுவேன், செருப்பை ஒழுங்காக வைப்பேன். காபித் தட்டை எடுக்க மாட்டேன். ஆம்பிளை வீம்பு என்று மல்லிகா நினைத்திருக்கிறாள். நான் மறுத்துச் சொன்னதில்லை.

சரி என்றேன்.

4

கயல் வீட்டுச் சமையலறையில் பாடம் நடந்தது. சமையல் மேடை என் இடுப்புக்கு மேலே வரும். கெண்டிக்கு அன்னத்தின் கழுத்துபோல நீண்டு வளைந்த மூக்கு. முதலில் தூள் நனையும் அளவுக்குக் கொஞ்சம் ஊற்றிவிட்டு நிறுத்த வேண்டும். தூள் மெல்ல உப்பி, குமிழ் விட்டு, உடைந்து, அடங்கும்.

“மூச்சு விடுது, அப்பா. அது முடியட்டும். வெயிட் பண்ணுங்க,” என்றாள்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பிறகு நடுவிலிருந்து சிறு வட்டமாக ஊற்ற வேண்டும். அங்கேதான் கோளாறு. கெண்டியைச் சாய்த்ததும் என் கை மேலே போயிற்று. அவள் இறக்கச் சொன்னாள், இறக்கினேன். இரண்டு சுற்று முடிவதற்குள் மறுபடி மேலே போயிற்று. நான் தூக்கவில்லை. அதுவாகப் போயிற்று. தண்ணீர் கம்பிபோல நீண்டு விழுந்து தூளின் நடுவில் குழி பறித்தது.

“மேலேருந்து ஊத்தினா பள்ளம் விழும், அப்பா. தண்ணி பள்ளம் வழியாவே ஓடிடும். அந்த இடம் கசக்கும். சைடுல இருக்கிற தூள் சும்மா கிடக்கும்.”

எனக்குப் புரியாமல் இல்லை. நாற்றங்காலுக்குத் தண்ணீர் திறக்கும்போது மடைவாயில் வைக்கோலைப் போட்டு வேகத்தைக் குறைப்பார்கள், இல்லாவிட்டால் விதை ஒரு மூலையில் போய் ஒதுங்கிவிடும். அதே கணக்குதான். மண்டைக்குப் புரிந்தது. கை கேட்கவில்லை.

நாலைந்து முறை ஊற்றிக் கொட்டியாயிற்று. அவளுக்கு அலுப்பு வந்துவிட்டது, ஆனாலும் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே, “இங்க பாருங்க, இவ்ளோ கிட்ட,” என்று சொல்லி, நான் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே, கட்டுப் போடாத இடது கையால் குடுவையையும் அதன்மேல் இருந்த கூம்பையும் சேர்த்து மேலே தூக்கினாள். கூம்பின் விளிம்பு கெண்டி மூக்கில் போய் முட்டியது. டக் என்று ஒரு சத்தம்.

கெண்டி என் கையிலிருந்து நழுவித் தொட்டியில் விழுந்தது. நல்லவேளை, அவள்மேல் தெறிக்கவில்லை. நான் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தேன். உள்ளே அவள் அம்மாவுக்குப் போன் செய்து ஆங்கிலத்தில் பேசுவது கேட்டது. ‘நான் ஒண்ணும் தப்பா சொல்லலியே’ என்று ஒரு வரி மட்டும் தமிழில் வந்தது.

அதன்பிறகு வந்த சனிக்கிழமையும் கடை மூடியே கிடந்தது. சந்தை அலுவலகத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. இன்னொரு வாரம் மூடினால் இடம் போய்விடும்.

5

நான் கேட்டது புதுச் சத்தம் இல்லை.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். ஊரில் ஆட்சி மாறிய காலம். சுவரெல்லாம் கருப்பும் சிவப்பும். இனிமேல் மேல் கீழ் கிடையாது என்று மேடையில் பேசினார்கள், நாங்களும் தெருவோடு போய்க் கேட்டோம். நாங்கள் வேலை செய்த பெரிய வீட்டுக்காரரும் துண்டின் கரையை மாற்றிக்கொண்டார். களத்தில் அளக்கிற மரக்காலை மாற்றவில்லை. கூலி நெல் கூட வேண்டும் என்று எங்கள் தெருவில் செங்கொடி ஏற்றினார்கள். வெளியூர் ஆளை இறக்கி அறுக்கப்போகிறோம் என்று பண்ணைக்காரர்கள் சொல்வதும், வாய்க்கால் கரையில் எங்கள் தெருக்காரர்கள் மறித்து நிற்பதுமாக இருந்தது.

என் அப்பா வீரையன் அந்தப் பண்ணைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். செங்கொடிச் சங்கத்தில் பெயர் இருந்தது. ஆனால் கூட்டத்தில் கடைசியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள். என்னிடம் இருக்கும் கூச்சம் அவர் கொடுத்தது.

அறுப்பு நாளில் பெரிய வீட்டிலிருந்து களத்துக்குக் காபி வரும். வடித்து வடித்துச் சக்கையான தூளில் வெல்லம் போட்டது. மூக்கு வைத்த பித்தளைக் கெண்டியில் அந்த வீட்டு அம்மாவே எடுத்துவருவார். நாங்கள் கொட்டாங்கச்சியை ஏந்திக் குனிய வேண்டும். பாத்திரம் பட்டுவிடக் கூடாது என்று அவர் கையைத் தலைக்குமேல் தூக்கி ஊற்றுவார். குனிந்தபடி அண்ணாந்து பார்த்தால் சேலைத் தலைப்பு, வளையல், அதற்கும் மேலே கெண்டி மூக்கு, அங்கிருந்து இறங்கி வரும் கறுப்புக் கம்பி. மணிக்கட்டில் தெறிக்கும். சுடும். அசைந்தால் இன்னும் சிந்தும் என்று அசைய மாட்டோம்.

எங்கள் வீட்டில் காபி கிடையாது. காபி ஊற்றுகிற கை என்று என் வாழ்க்கையில் நான் முதலில் பார்த்தது அந்த ஒரு கையைத்தான். கீழே இருந்து பார்த்துப் பார்த்து மனசில் பதிந்துவிட்டது. என் கைக்குத் தெரிந்ததும் அது ஒன்றுதான் என்று கயல் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. வாங்கினவன் நான். கை மட்டும் அந்த அம்மாவுடையது.

அந்தப் புரட்டாசியில் குறுவை அறுப்பு. அப்பா கொட்டாங்கச்சி கொண்டுபோகவில்லை. சந்தையில் வாங்கிய கண்ணாடி டம்ளரை மடியிலிருந்து எடுத்தார். சங்கம் சொல்லியிருந்ததா என்று எனக்குத் தெரியாது. வரிசையில் இருந்தவர்கள் கொட்டாங்கச்சியோடுதான் நின்றார்கள். அந்த அம்மா டம்ளரைப் பார்த்தார், வழக்கம்போலக் கையைத் தூக்கி ஊற்ற ஆரம்பித்தார். காபி டம்ளர் விளிம்பில் பட்டு வெளியே சிதறியது. அப்பா குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். டம்ளரை மெல்ல உயர்த்தினார். உயர்த்திக்கொண்டே போனார். கண்ணாடி விளிம்பு கெண்டி மூக்கில் முட்டியது. டக்.

அந்த அம்மா கெண்டியை அப்படியே கீழே போட்டுவிட்டுப் போய்விட்டார். வெல்லக் காபி வைக்கோலில் ஓடியது. அப்பா டம்ளரில் இருந்ததைக் குடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “ஏன்யா இப்படி செஞ்ச? நம்ம தெருவே நாளைக்கு என்ன திங்கும்?”

அப்பா டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். பிறகு, “சிந்துது, புள்ள. அவ்வளவு ஒசரத்துலேருந்து ஊத்தினா பாதி மண்ணுக்குத்தான் போவுது,” என்றார். தண்ணீரை வீணாக விடத் தெரியாத ஆள் சொல்கிற பதில் அது.

எங்கள் வீட்டுக்கு வேலை நின்றது. அடுத்த மாதம் ஐப்பசி மழையில் ஒருநாள் அந்திசாய, தெருமுனையிலிருந்து ஒரு குரல் அப்பாவைக் கூப்பிட்டது. வடக்கு மடை உடைத்துக்கொண்டது, எல்லோருடைய தாளடி நடவும் போகிறது, வா என்றது. அம்மா போக வேண்டாம் என்றாள். நடவு போய்விடும் என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். காலையில் மடைச் சேற்றில் குப்புறக் கிடந்தார். மடை உடையவே இல்லை. அவரைத் தூக்கியபோது, அவர் முகம் புதைந்திருந்த இடத்தில் சேறு உப்பிக் குமிழ் விட்டு, உடைந்து, அடங்கியது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வழுக்கி விழுந்தார் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. அந்தக் குரல் யாருடையது என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். சாகும்வரை சொல்லவில்லை. அந்த வாரமே என்னைக் கூட்டிக்கொண்டு நாகப்பட்டினத்துக்குப் போய்க் கருவாடு காயப்போடும் வேலையில் சேர்ந்தாள். பள்ளிக்கூடம் அதோடு முடிந்தது.

6

இதை மல்லிகாவிடம்கூட நான் முழுசாகச் சொன்னதில்லை. மாமனார் தண்ணீரில் போய்விட்டார் என்று அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கயல் சாப்பிட வந்தாள். கடையைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. சந்தை இடத்தை விட்டுவிடுவதாக அலுவலகத்துக்கு எழுதப்போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது. மல்லிகா வேலைக்குக் கிளம்பிப் போனாள். நடுவில் நிற்க ஆள் இல்லை. நான் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் சொல்ல ஆரம்பித்தேன். என் தமிழ் அவளுக்கு எவ்வளவு புரியும் என்று பார்க்கவில்லை. கொட்டாங்கச்சி என்றால் என்ன, மடை என்றால் என்ன என்று மட்டும் நடுவில் கேட்டாள்.

முடித்தபோது அவள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவ்ளோ நாள் ஏன் சொல்லல?”

“என்னத்தச் சொல்றது?”

“நான் அந்தக் கூம்பைத் தூக்கினேனே.”

“ஆமா.”

“தாத்தா மாதிரியே.”

“ஆமா.”

“சிந்துதுன்னு சொன்னாரா?” என்றாள். ஆமாம் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அவர் சொன்னது கரெக்ட், அப்பா.”

பிறகு அவள், நீங்கள் ஊற்ற வேண்டாம், இடம் போனால் போகட்டும் என்றாள். நிஜமாகவே சொன்னாள். எனக்குத்தான் அது பொறுக்கவில்லை. அந்தக் கெண்டி எங்கள் வீட்டை ஒருமுறை பட்டினி போட்டது போதும், இங்கே என் மகள் கடையையும் அது மூட வேண்டுமா? உட்கார்ந்துகொண்டு ஊற்றலாமா என்று கேட்டேன். நின்றால்தானே கை ஏறுகிறது, முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொண்டால் எங்கே ஏறும்? கயல் யோசித்துவிட்டு, செய்து பார்க்கலாம் என்றாள். அன்று மாலை முழுக்க அவள் வீட்டுக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்து ஊற்றினேன். கை ஏறவில்லை. கடைசிக் கோப்பையை அவள் முழுசாகக் குடித்தாள்.

7

நேற்றுச் சனிக்கிழமை கடை திறந்தோம். தாழ்வான மேஜை போட்டு, நான் முக்காலியில் உட்கார்ந்தேன். கயல் தூள் அரைத்துக் கொடுத்தாள். நல்ல வெயில். ஐப்பசியில் இங்கே வசந்தம்.

முதலில் வந்தவர் இந்த ஊர்க்கார வயதான அம்மாள், தினம் நாய் பிடித்துக்கொண்டு நடப்பவர். கயலிடம் கை எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார். நான் தூளை நனைத்தேன். அது உப்பிக் குமிழ் விட்டது. இந்தமுறை முகத்தைத் திருப்பவில்லை. அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கெண்டியைச் சாய்த்து ஒரு சுற்று சுற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

மேஜை தாழ்வு. அந்த அம்மாள் வேடிக்கை பார்ப்பதற்காகக் குனிந்திருந்தார். தான் கொண்டுவந்த கோப்பையை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தார். வளைந்த முதுகு, ஏந்திய கை. எங்கள் களத்து வரிசை முழுவதும் அந்த ஒரு ஆளில் நின்றது. அவர்பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார், அவருக்கு என்ன தெரியும்.

ஊற்றுவதைப் பாதியில் நிறுத்தக் கூடாது, காபி கெட்டுவிடும். நிறுத்தினேன். எழுந்து என் முக்காலியை மேஜைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டு, “ப்ளீஸ், சிட்,” என்றேன். அவர் திகைத்து, பிறகு உட்கார்ந்தார். கயல் ஏதோ கேட்க வந்து, அவரைப் பார்த்து, என்னைப் பார்த்து, கையிலிருந்த தூள் டப்பாவைக் கீழே வைத்தாள்.

இப்போது நான் நிற்கிறேன். கெண்டியை எடுத்தேன். சாய்த்தேன். கை ஏற ஆரம்பித்தது. தெரிகிறது, ஆனால் இறக்க முடியவில்லை. மூக்கிலிருந்து தண்ணீர் நீண்டுகொண்டே போயிற்று.

கயல் என் பக்கத்தில் வந்தாள். கட்டுப் போட்ட கையை என் முழங்கையின்மேல் வைத்தாள். அழுத்தவில்லை, வைத்திருந்தாள். இன்னொரு கையால் கூம்பின் விளிம்பைக் காட்டி, மற்றவர் யாருக்கும் கேட்காதபடி தமிழில் சொன்னாள்:

“தாத்தா டம்ளர் இங்கதான் இருக்கு, அப்பா. இங்க ஊத்துங்க.”

அங்கே ஊற்றினேன். சிந்தவில்லை.

எழுதி முடித்தது: ஐப்பசி இருபத்தெட்டு, ஞாயிற்றுக்கிழமை.